இருபது மீட்டர்க் கோடு

பேராசிரியர் மெஹருன்னிசா வளைவுகளின் கணிதம் கற்பித்தார். அவருடைய மாணவர்களில் கோயில்பிள்ளைக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசிரியரைவிடப் பதினொரு வயது மூத்தவர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுபவர்.

ஒரு நாள் காலை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கோபமாக வந்தார்.

"மேடம், குளக்கரையிலிருந்து இருபது மீட்டருக்குள்ள வீடு இருக்கக்கூடாதுன்னு உத்தரவு. குளம் நீள்வட்டம். அதே நீள்வட்டத்தைப் பெருசாக்கி எல்லை போட்டேன். கிழக்கு முனையில ஏழு வீடு உள்ளே வந்துச்சு, இடிக்க நோட்டீஸும் போயிருச்சு. அங்கம்மாள்னு ஒரு அம்மா ஆபீசுக்கே வந்து என் மேசையில அடிச்சுச் சத்தம் போடுறாங்க. படிக்காதவங்களுக்கு இந்தக் கணக்கை எப்படி மேடம் புரியவைக்கிறது?"

மெஹருன்னிசா வரைபடத்தை விரித்துப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க."

குளக்கரையில் அங்கம்மாள் வழிமறித்தாள்.

"இடிக்க வந்துட்டீயளோ?"

"அளக்க வந்திருக்கோம்மா. இந்த நுனியைக் கரையில பிடிங்க" என்றார் மெஹருன்னிசா.

முதலில் நீளக் கரையின் நடுவில் அளந்தார்கள். வரைபடத்தின் எல்லை சரியாக இருபது மீட்டரில் இருந்தது. கோயில்பிள்ளை நிமிர்ந்து நின்றார்.

பிறகு கிழக்கு முனைக்குப் போனார்கள். இருபதாவது மீட்டர் முள்காட்டிலேயே முடிந்தது. அங்கம்மாளின் வீடு இன்னும் தள்ளி இருந்தது. முப்பது மீட்டர் டேப் போதாமல், ஒரு குச்சி நட்டு மறுபடி இழுத்தார்கள். வாசல்படி வந்தது.

"ஐம்பத்திரண்டு மீட்டர்" என்றார் கோயில்பிள்ளை.

அங்கம்மாள் டேப்பைக் கீழே போட்டாள். "இதைத்தானய்யா அன்னைக்கு அடிச்சுச் சொன்னேன். ஒரு தடவ வந்து பாத்தீரா?"

"மேடம், அகலத்துல இருபது மீட்டர் வர்ற மாதிரி பெருசாக்கினேன். நீளம் அகலத்தைவிட மூணு மடங்கு. அதான் இந்தப் பக்கம் எல்லை அறுபது மீட்டர் போயிருச்சு."

"ஒரே தூரத்துல போற கோடு நீள்வட்டமா இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் மெஹருன்னிசா.

"தெரியும் மேடம். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. ஆனா அது எட்டாம் படிச் சமன்பாடு. ஒரு பக்கத்துக்கு ஓடும். நீள்வட்டம்னா ஒரே வரி. பாக்கவும் அழகா இருக்கும்."

"எழுதச் சோம்பல்பட்டு ஏழு வீட்டை இடிப்பீங்களா?"

அந்தச் சத்தத்தில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

"சமன்பாடு அப்புறம். குச்சி ஊனுங்க" என்றார் மெஹருன்னிசா.

கரைக்குச் செங்குத்தாக டேப்பைப் பிடித்து, இருபதாவது மீட்டரில் ஒரு குச்சி என்று குளத்தைச் சுற்றி நட்டார்கள். அங்கம்மாள் கரையோரமாகவே நுனியைப் பிடித்து நடந்தாள். உச்சிவெயிலில் கோடு முடிந்தது. கோட்டுக்குள் ஒரு வீடும் இல்லை.

கோயில்பிள்ளை அங்கேயே உட்கார்ந்து புது வரைபடம் போட்டார். எல்லைக்கோட்டை வரைந்துவிட்டு, பேனாவோடு தயங்கினார்.

"மேடம், இது வட்டமும் இல்ல, நீள்வட்டமும் இல்ல. ஆபீஸ்ல கேப்பாங்க. கோட்டுக்குப் பக்கத்துல என்ன பேர் எழுதட்டும்?"

"உங்க பேரை எழுதுங்க."