இரண்டு விசில்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

குருவின் பெயர் ஷம்ஷாத். விடிவதற்குள் பைக்கில் கேன் கட்டி ஊருக்கெல்லாம் பால் ஊற்றிவிட்டு, ஆறரைக்கு மாட்டுச் சந்தைத் திடலுக்கு வந்து பெண்களுக்கு வண்டி பழக்குபவள். அடிவாரத்து ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதால் கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருப்பாள். அதை ஒருமுறை ஊதினால் எல்லா வண்டியும் நிற்க வேண்டும்.

சீடர் சடையாண்டி. மலைப்பாதையில் இருபத்தெட்டு வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு கையில் திருப்புவார் என்று பெயர் எடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு காலையில், ஸ்கூட்டி பழக நின்ற ஆறு பெண்களுக்குப் பின்னால் ஏழாவது ஆளாக, ஒரு பழைய பைக்கோடு வந்து நின்றார். வாங்கிய கடையிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"டீச்சரம்மா, எனக்கும் சொல்லிக்குடுக்கணும்."

"அண்ணே, நீங்க பஸ்ஸே ஓட்டுனவரு."

"பஸ்ஸு வேற. அதுல மேல உக்காந்திருப்பேன்."

"பைக்கு ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டுனேன். விட்டு இருவத்திரெண்டு வருசமாச்சு."

"ஏன் விட்டீங்க?"

அதற்கு அவர் வேறொன்றைச் சொன்னார்.

அவர் மனைவி வெள்ளைத்தாயிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. புதனும் சனியும் காலை ஏழு மணிக்கு அடிவாரத்து ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் முகம் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவது தடவையைப் பற்றி டாக்டர் சொல்லவில்லை, இவர் கேட்கவும் இல்லை. மலை ஊரிலிருந்து காலையில் இறங்கும் முதல் பஸ் இந்த மாதத்தோடு நிற்கப்போகிறது. இத்தனை வருடம் அவரே ஓட்டிய பஸ் அது. விடியாத நேரத்தில் ஆட்டோக்காரர்கள் அந்த ஏற்றத்துக்கு வருவதில்லை.

"இன்னும் இருவது நாள்தான் இருக்கு" என்றார்.

"ஏறி உக்காருங்க" என்றாள் ஷம்ஷாத்.

உட்கார்ந்தார். உதைத்துக் கிளப்பினார். கியர் போட்டார். கை பழையதை மறக்கவில்லை.

"போங்க."

போனார். திடலைச் சுற்றினார், எட்டுப் போட்டார், வந்து நின்றார். ஒரு குறையும் இல்லை. ஆறு பெண்களும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இவருக்கு எதற்குப் படிப்பு என்று ஷம்ஷாத்துக்கே தோன்றியது.

அடுத்த நாள் அவர் வண்டியைக் கிளப்பி கியர் போட்ட நேரத்தில், அந்தப் பக்கம் ஒரு பெண் ஸ்கூட்டியோடு சாய்ந்துவிட்டாள். ஷம்ஷாத் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டு வந்தாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். சடையாண்டி அதே இடத்தில், கிளட்சைப் பிடித்தபடி, முகமெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருந்தார். இஞ்சின் சூடேறிப் புகைந்துகொண்டிருந்தது.

"ஏண்ணே போகல?"

"நீங்க சொல்லலையே டீச்சரம்மா."

அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் "போங்க" என்று சொல்லவே இல்லை. அவரும் போகவில்லை. காலையில் வந்து, வண்டியில் ஏறி, கிளப்பி, கியர் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு வெயில் ஏறும்வரை இருந்துவிட்டு இறங்கிப் போவார். பழகி முடித்த பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதை முதலில் மறைத்தார்கள், பிறகு மறைக்கவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கிளட்சை விட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் அவமானத்தைவிடப் பெரிதாக இருந்தது.

எட்டாம் நாள் ஷம்ஷாத் அவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னத்துக்கு டீச்சரம்மா?"

"அண்ணியை ஏத்தித்தானே போகணும். ஆள் கனம் பழக வேணாமா? ரோட்டோரமா நிப்பாட்டுங்க, அங்கருந்து கெளம்புவோம்."

திடலின் ஓரத்தில் ஒரு சின்னச் சரிவு. அது நேராகச் சாலையில் போய் முடியும். அங்கேதான் பஸ் நிறுத்தம். ஒரு டவுன் பஸ் வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. சடையாண்டி சரிவில் நின்றார். முதல் கியர். இடது கை கிளட்சில். பின்னால் ஒரு உயிர் உட்கார்ந்திருக்கிறது என்பது அவர் முதுகுக்குத் தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

அப்போது அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார்.

சடையாண்டியின் இடது கை கிளட்சை விட்டுவிட்டது.

வண்டி துள்ளிக்கொண்டு சாலையில் பாய்ந்தது. பஸ்ஸும் நகர்ந்தது. பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு பேரும் வண்டியோடு விழுந்தார்கள். சக்கரம் அவர் காதோரம் மண்ணை நெரித்துக்கொண்டு போய் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "சாகுறதுக்கு ஏன்யா என் வண்டியத் தேடி வர்றீங்க!" என்று கத்தினார்.

ஷம்ஷாத்தின் முழங்கை கிழிந்து ரத்தம் ஓடியது. சடையாண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அவரால்தான் எழுந்திருக்க முடியவில்லை. நாலு பேர் தூக்கிவந்து மாடு கட்டும் கல்லில் சாய்த்து உட்கார வைத்தார்கள்.

"இனிமே வரமாட்டேன்" என்றார். பல் கிட்டிக்கொண்டது.

ஷம்ஷாத் கைக்குட்டையை முழங்கையில் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னா போறீங்க. ஊர் பஸ்ஸு கண்டக்டர் ஊதுனா போறீங்க. நீங்களா ஏண்ணே போக மாட்டேங்குறீங்க?"

அவர் மண்ணைப் பார்த்தபடி சொன்னார்.

"இருவத்திரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம். இதே அடிவாரம், பெரிய ஸ்டாப்பு. ஆள எறக்கிட்டு நிக்கிறேன். எங்க கண்டக்டர் பிச்சைமணி ரெண்டு விசில் குடுத்தாரு. எடுத்தேன். எடப்பக்கமா புருசனும் பொண்டாட்டியுமா ஒரு பைக்கு வந்துருக்கு. அவன் தப்பிச்சிட்டான். அந்தப் பொம்பள தப்பிக்கல. அவ செருப்பு ஒண்ணு படிக்கட்டுக்கிட்ட கெடந்துச்சு. பச்சை வாரு வச்ச செருப்பு."

ஷம்ஷாத் கைக்குட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"மறுவாரமே என் பைக்க வித்துட்டேன்."

"கேஸு?"

"விசாரிச்சாங்க. ரெண்டு விசில் கேட்டுச்சான்னாங்க. கேட்டுச்சுன்னேன். அது சத்தியம். பஸ்ஸு நெறைய ஆளுக, எல்லாருக்கும் கேட்டுச்சு. என்னைய விட்டுட்டாங்க. பிச்சைமணிக்கு வேலை போச்சு."

"கண்ணாடியப் பாத்தீங்களா?"

"என்னது?"

"எடுக்குறதுக்கு முன்னாடி. எடப்பக்கக் கண்ணாடி."

திடலில் யாரோ ஸ்கூட்டியைக் கிளப்பி அணைத்தார்கள்.

"அத யாரும் கேக்கல" என்றார்.

"நான் கேக்குறேன்."

"பாக்கல."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வெள்ளைத்தாயியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பெரிய மனிதர் ஒருவர் திடலில் அப்படி அழுவதைப் பார்த்து, சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் தள்ளிப் போய் நின்றார்கள்.

அழுது முடித்துவிட்டுக் கேட்டார்.

"பஸ்ஸுல பின்னாடி ஒருத்தர் இருந்தாரு, போகலாம்னு சொல்றதுக்கு. அவரு இருந்தே இப்படி. பைக்குல யாரு இருக்கா? பின்னாடி வெள்ளைத்தாயி உக்காந்திருப்பா. போகலாம்னு யாரு டீச்சரம்மா சொல்றது?"

ஷம்ஷாத் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, சேலை முனையால் துடைத்து, அவர் கழுத்தில் மாட்டினாள்.

"நாளைக்கு ஆறரைக்கு வந்துருங்க. ஊதிட்டு எடுக்கணும். ஊதாம எடுக்கக் கூடாது."

மறுநாள் அவர் வந்தார். விசிலை வாயில் வைத்தார். காற்று மட்டும்தான் வந்தது. ஆயிரம் ஆயிரம் தடவை கேட்ட அந்தச் சத்தத்தை அவர் ஒரு தடவைகூட உண்டாக்கியதில்லை. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது.

"ஊதுறதுக்கு முன்னாடி பிச்சைமணி அண்ணன் என்ன செய்யணும்?" என்று கேட்டாள் ஷம்ஷாத்.

"படியப் பாக்கணும். பின்சக்கரத்தப் பாக்கணும். பின்னாடி வர்ற வண்டியப் பாக்கணும்."

அவள் வேறெதுவும் கேட்காமல் ஸ்கூட்டிப் பெண்களிடம் போய்விட்டாள்.

சடையாண்டி இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். திரும்பிப் பின்னால் பார்த்தார். பார்த்தது போதுமா என்று சந்தேகம் வந்து மறுபடி பார்த்தார். அன்று காலை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது நாள்தான் இரண்டு விசில் ஒழுங்காக வந்தது. வண்டி நகர்ந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு திடலில் ஊதினார், சந்தைத் தெருவில் ஊதினார், மலைப்பாதையில் முதல் வளைவுவரை போய் ஊதினார், கடைசியில் வண்டியை மலை ஊர்வரைக்கும் ஏற்றினார். ஹெல்மெட் போட்ட ஒரு பெரியவர் நின்ற இடத்தில் எல்லாம் விசில் ஊதிவிட்டுக் கிளம்புவதை ஊர் விடுமா? "பஸ்ஸு நின்னு போகப்போகுதாம்ல, விசில் மட்டும் ஓடுமாம்" என்று டீக்கடையில் பேச்சு. கேட்டுக்கொண்டே போவார். இன்னொரு பஸ் விசில் கொடுத்தால் மட்டும் கிளட்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். விரல் வலிக்கும்.

மாதம் முடிந்தது. பஸ் நின்றது. மறுநாள் புதன்கிழமை.

அன்று பால் வேலையைத் தன் கொழுந்தனிடம் விட்டுவிட்டு, ஷம்ஷாத் விடியற்காலையில் பதினேழு வளைவும் ஏறி மலை ஊருக்கு வந்தாள். பஸ் திரும்பும் இடம் காலியாக இருந்தது. மேகம் தரையோடு இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் சாலை இல்லை. வலப்பக்கம் பள்ளம் எங்கே தொடங்குகிறது என்றும் தெரியவில்லை.

சடையாண்டி வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்தாயி மடியில் துண்டும் தூக்குவாளியுமாகப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமையிலிருந்து தண்ணீர் உடம்பில் சேர்ந்து கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"அரை மணி நேரமா இப்படியே உக்காந்திருக்காரு டீச்சர்" என்றாள் வெள்ளைத்தாயி. "நான் ஏறவா, இல்ல எங்க அண்ணன் மகனுகளக் கூப்பிட்டு டோலி கட்டித் தூக்கச் சொல்லவா, கேட்டுச் சொல்லுங்க."

"ஏறுங்க அண்ணி."

வெள்ளைத்தாயி ஏறினாள். வண்டி அவள் கனத்துக்கு இறங்கிக் கொடுத்தது. சடையாண்டி கண்ணை மூடித் திறந்தார்.

"டீச்சரம்மா."

"சொல்லுங்கண்ணே."

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். ஊதுறேன். எடுக்குறேன். ஆனா பயம் அப்படியேதான் இருக்கு. ஒரு குன்றிமணி கூடக் கொறையல. இந்தா பாருங்க கைய."

கை நடுங்கியது. விசிலின் கயிறும் அதோடு நடுங்கியது.

"இது எப்ப போகும்? போனதுக்கப்புறம் இவளக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் டோலி கட்டிக்கிறோம்."

ஷம்ஷாத் அவர் கையைப் பார்த்தாள். பள்ளம் இருக்கும் பக்கம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்குப் பிச்சைமணி அண்ணன் விசில் குடுத்தப்ப அவரு கை நடுங்குச்சா?"

"அவருக்கா? அவரு வெத்தலையப் போட்டுக்கிட்டு, எவன்கூடயோ பேசிக்கிட்டே ஊதுவாரு. பதினஞ்சு வருசச் சர்வீசு. அவருக்கு என்ன பயம்?"

"உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல. ஒத்தக் கையில ஓட்டுவேன்."

ஷம்ஷாத் தன் வண்டியைக் கிளப்பினாள். முன்விளக்கைப் போட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அன்னைக்கு அந்தப் பஸ்ஸுல பயந்தவங்க ஒருத்தரும் இல்லையேண்ணே."

சடையாண்டி விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. முதலில் திரும்பிப் பார்த்தார்.