பூண்டுத் தண்டின் கழுத்து

சடையப்பன் முப்பது வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். பிரேக் பிடிக்காத லாரியைப் பாறையில் உரசி நிறுத்திவிட்டு, இறங்கி டீ குடித்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட ஆள், கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்ததும் ஆடிப்போனார்.

நாளைக் காலை ஆபரேஷன். இன்று மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அவரோ விடிந்ததும் மலையேறி ஓடிவந்து, தன் குரு திலகவதியம்மாள் வாசலில் நின்றார். அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆசிரமம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டு வீடு, பின்பக்கம் பழைய எண்ணெய் டின்களில் பூண்டுச் செடிகள். சாமியார் வீட்டில் பூண்டா என்று கேட்பவர்களுக்கு அம்மாள் ஒரு தட்டுச் சோறு போடுவார், அவ்வளவுதான்.

“என்ன, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“பயமா இருக்கும்மா. கழுத்துல கத்தி வச்சா எந்திரிப்பேனோ மாட்டேனோ. இந்தப் பயம் போகட்டும், போறேன். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

அம்மாள் ஒரு கத்தியை நீட்டினார்.

“பூண்டு தண்டு விட்டிருக்கு. வெட்டிட்டு வாங்க.”

செடிகளின் நடுவிலிருந்து பச்சைத் தண்டுகள் எழும்பி, நுனியில் மொட்டோடு வளைந்து நின்றன.

“எங்க வெட்டணும்?”

“கழுத்துல. இலைக்குக் கொஞ்சம் மேல.”

சடையப்பனின் கை தன் கழுத்துக்குப் போனது.

“செடி செத்துடாதா?”

அம்மாள் சுவரில் தொங்கிய கொத்திலிருந்து ஒரு பூண்டைப் பிய்த்துக் கொடுத்தார். சின்ன வெங்காயம் அளவுதான் இருந்தது.

“போன வருஷம் பாவம் பார்த்து இதோட தண்டை வெட்டாம விட்டேன். கிழங்குக்குப் போகவேண்டியதைத் தண்டே தின்னுடுச்சு.”

சடையப்பன் முதல் தண்டைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெட்டினார். சாறு விரலில் வழிந்தது.

“ஐயையோ, கண்ணைத் திறங்க. இலையும் சேர்ந்து போகுது.”

திறந்தார். கத்தி கிடுகிடுவென்று ஆடியது. ஒவ்வொன்றாக இருபத்திரண்டு தண்டுகளையும் வெட்டி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அம்மாள் தண்டுகளை விரல்நீளம் நறுக்கி, நல்லெண்ணெயில் மிளகாய் கிள்ளிப்போட்டு வதக்கி, தேங்காய்ப்பூ தூவி இறக்கினார். சோற்றோடு முன்னால் வைத்தார்.

சடையப்பன் விழுங்கவே பயந்தார். மெல்ல மெல்ல ஒரு வாய் இறங்கியது. பிறகு தட்டு காலியானது.

“பயம் போகலையேம்மா.” தட்டைத் தள்ளி வைத்தார். “அப்படியே இருக்கு.”

“தண்டு வெட்டும்போது போயிருந்துச்சா?”

“எங்க போச்சு? கை நடுங்கிட்டேதான் இருந்துச்சு.”

“பொரியல் எப்படி?”

“நல்லா இருந்துச்சு.”

அம்மாள் கை கழுவினார். ஆணியில் மாட்டியிருந்த மஞ்சப்பையை எடுத்து, ஒரு மாற்றுப்புடவையை மடித்து வைத்தார். மடிப்பு இரண்டு தரம் கலைந்தது. சடையப்பன் அப்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தார்.

“பத்தரைக்கு பஸ். நானும் வர்றேன், எந்திரிங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”