நாற்பத்தொன்றில் ஒரு பக்கம்

இந்தக் கதையில் மூன்று பேர் வருகிறார்கள். பாதியிலேயே யாரையும் திட்ட அவசரப்படாதீர்கள். முடிவில் நீங்கள் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும், ஒரே ஒரு பெயரை.

ஒட்டங்குளம் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி வசந்தமணி. பெற்றோர் கை தூக்கித் தேர்ந்தெடுத்தவர், நூற்பாலையில் வேலை பார்ப்பவர். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மதுநிஷா அவருடைய ஒரே மகள். குழுக் கூட்டத்துக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. டீ வரும்போது கூடவே தீர்மானப் பதிவேடும் வரும். வெற்றுப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவார்கள். மேல்பாதியைத் தலைமையாசிரியை எஸ்தர் பாக்கியம் பிறகு எழுதிக்கொள்வார். மூன்று வருடமாக இப்படித்தான் நடந்தது, யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

ஐந்தாம் வகுப்பு அறையின் கூரையில் விரிசல் விட்டிருந்தது. கீழே நின்று பார்த்தால் மயிரிழை அளவுதான் தெரியும். ஆனால் எஸ்தர் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. பெஞ்சுகளை வேப்பமரத்தடிக்கு மாற்றினார். ஊருக்குள் பீதி கிளப்பக் கூடாது என்று மேலிடத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருந்ததால், காற்றோட்டத்துக்காக என்று பெற்றோரிடம் சொல்லிவைத்தார். கல்வி அலுவலகத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினார். ஒரு பொறியாளர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. கடைசியில் அலுவலகத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கட்டடம்னு எழுதுனா ஃபைல் ஒன்பது மேசை சுத்தும் டீச்சர். இணைப்புன்னு எழுதுங்க, ஒரு மாசத்துல பிள்ளைங்க வேற கட்டடத்துல இருப்பாங்க."

அந்த மாதம் கையெழுத்துகளுக்கு மேலே டீச்சர் எழுதினார்: மாணவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் இப்பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கப் பெற்றோர் சம்மதிக்கிறார்கள். கூரையைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை.

சேதி ஊருக்கு எட்டியபோது வசந்தமணி ஆடிப்போனார். பக்கத்து ஊருக்குப் போக நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். போன வருடம்தான் அங்கே ஒரு சிறுமி லாரியில் அடிபட்டுச் செத்திருந்தாள். தன் மகளும் தினம் இரண்டு முறை அதைக் கடக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே அவருக்குத் தூக்கம் போனது.

உதவிக்கு வந்தவர் காத்தமுத்து. ஊராட்சி அலுவலகத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், சட்டம் தெரிந்தவர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். நாற்பத்தொரு பக்கம் வந்தது. ஊருக்கு அவர் நகல் எடுத்துக் கொடுத்தது நாற்பது. கடை மேசைக்குள் போன அந்த ஒரு பக்கம் பொறியாளரின் அறிக்கை. கூரை எந்நேரமும் விழலாம், அறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது. காத்தமுத்து கெட்டவர் இல்லை. இதை வெளியே விட்டால் இதையே சாக்காக வைத்துப் பள்ளியை மூடிவிடுவார்கள், முதலில் பள்ளியைக் காப்பாற்றுவோம், கூரையை அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தார்.

கிராம சபை கூடியது. கல்வி அலுவலரும் வந்திருந்தார். வசந்தமணி பதிவேட்டின் நகலைத் தூக்கிக் காட்டினார்.

"கையெழுத்து என்னுதுதான் சார். மேல இருக்கிற எழுத்து நான் பார்க்காதது. நான் போட்டப்ப அது வெறும் காகிதம். படிக்காம போட்டது என் தப்புதான், அதையும் எழுதிக்குங்க."

எஸ்தர் டீச்சர் எழுந்தார். "ஏன் அப்படி எழுதுனேன்னு ரெண்டு நிமிஷம் சொல்லிடுறேன்."

கூட்டம் கூச்சல் போட்டது. பேசவிடலாமா என்று அலுவலர் தலைவியைப் பார்த்தார்.

"வேணாம் சார்," என்றார் வசந்தமணி. "எம்புள்ளைய ரோட்டுல விடப் பார்த்தவங்க பேச்ச நாங்க எதுக்குக் கேக்கணும்?"

டீச்சர் உட்கார்ந்தார். முன்வரிசையில் இருந்த காத்தமுத்து குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானம் ரத்தானது. மறுநாள் டீச்சருக்கு இடைநீக்க உத்தரவு வந்தது. அவர் ஐந்தாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ஊரைவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் சேர்ந்து அந்த அறையைக் கூட்டிக் கழுவினார்கள். பிள்ளைகள் ஏன் மரத்தடியில் கிடக்க வேண்டும் என்று பெஞ்சுகளை உள்ளே தூக்கிப் போட்டார்கள். மகளின் பெஞ்சை வசந்தமணியே போட்டார். வாசல்வரை வந்த காத்தமுத்து ஒருமுறை நிமிர்ந்து மேலே பார்த்தார். கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூரை விழுந்தது. மற்ற பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள். மதுநிஷாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பொய்யாக எழுதியவர் ஒருவர். பேச வந்தவரின் வாயை அடைத்தவர் ஒருவர். ஒரு பக்கத்தை மறைத்தவர் ஒருவர். மூவரும் பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். இவர்களில் யார் செய்தது பெரும் பிழை?

விடை: எஸ்தர் டீச்சர் எழுதியது பொய்தான், அதற்குத் தண்டனையும் வாங்கிவிட்டார். ஆனால் அவர் இருந்தவரை ஒரு பிள்ளையையும் அந்தக் கூரைக்கடியில் உட்காரவிடவில்லை, உண்மையைச் சொல்லவும் எழுந்தார். வசந்தமணி அவரைப் பேசவிட்டிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு விஷயம் தெரியாது. விஷயம் தெரிந்தும், தடுக்க ஒருவரும் இல்லாதபோதும், சபையில் ஒருமுறையும் வாசலில் ஒருமுறையும் வாய் திறக்காதவர் காத்தமுத்து. பிழை அவருடையது. ஊர் சொன்ன விடை வேறு. பள்ளிக்காகப் போராடிய மனிதர் என்று அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் அவரை வார்டு உறுப்பினர் ஆக்கியது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து வசந்தமணியும் அவருக்கே ஓட்டுப் போட்டார். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி அந்தத் தாயிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. பெஞ்சை உள்ளே போட்டது தன் கை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.