ஒட்டுக் கேட்காத காது

ஓர் ஊரில் ஒரு காது இருந்தது. மகா கௌரவக்காரக் காது! வெளியே நடப்பதைக் கேட்பதுதான் தன் வேலை, உள்ளே நடப்பதை ஒட்டுக் கேட்பது ஈனப் புத்தி என்பது அதன் கொள்கை.

அதன் சொந்தக்காரி மரகதவல்லி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டுக்கொண்டாள். வெளிக்காயம் ஆறிவிட்டது. உள்ளேதான் வினை. இடது கண்ணுக்குப் பின்னால் தமனி கிழிந்து, அதன் ரத்தம் பக்கத்துச் சிரைக்குள் பீறிட்டது.

“ஐயையோ, இந்த வேகத்த என்னால தாங்க முடியலையே!” என்று அலறியது சிரை. “கண்ணுப் பக்கமே திருப்பித் தள்ளுறேன், வேற வழியில்ல!”

நாடி துடிக்கும்போதெல்லாம் உஸ், உஸ் என்று சத்தம். காதுக்கு நன்றாகவே கேட்டது. ‘அவங்க வீட்டுச் சண்டை, நமக்கெதுக்கு வம்பு’ என்று மரகதவல்லியிடம்கூடச் சொல்லாமல் கம்மென்று இருந்துவிட்டது.

கண் சிவந்தது. ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவியிருந்த நேரம். இதுவும் அதுதான் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள் மரகதவல்லி. பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமாம்! ஒருவரும் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கண் பிதுங்கிக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

“எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுடா, பயமா இருக்கு” என்றது கண்.

“மருந்து விடுறாங்கல்ல, சரியாப் போயிடும்” என்றது காது. சொல்லும்போதே அதற்கு உள்ளுக்குள் உறுத்தியது.

பார்வை மங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

“காதுல உஸ்ஸுனு ஏதாவது கேக்குதாம்மா?”

காதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனியும் மறைக்க முடியாமல் அவளிடம் ஒப்புக்கொண்டது.

“ஆமா டாக்டர், கேக்குது” என்றாள் மரகதவல்லி.

ஆஞ்சியோ எடுத்துக் கிழிசலைக் கண்டுபிடித்தார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, கம்பிச்சுருளை வைத்து அடைத்தார்கள். சத்தம் சட்டென்று நின்றது. சிரை அப்பாடா என்று மூச்சு விட்டது. சிவப்பும் வீக்கமும் வடிந்தன. ஆனால் அத்தனை நாள் நெருக்குண்டு கிடந்த பார்வை நரம்பு பிழைக்கவில்லை. போன பார்வை போனதுதான்.

“சத்தம் எப்பலேர்ந்துடா கேட்டுச்சு?” என்று கேட்டது கண்.

“விழுந்த அன்னைலேர்ந்தே.”

கண்ணுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடக் காது தாங்கியிருக்கும்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா” என்றது. “பக்கத்துலதானே இருந்தேன்.”