வக்கீல் சுமந்த குடம்

ஒரு வக்கீல் ஒரு வழக்கில் ஒரு தரப்புக்குத்தான் உழைக்க முடியும் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். இது தவறு. இத்தனை நாள் இதைத் திருத்தாமல் விட்டதற்கு நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டும்.

வக்கீல் திருமலைக்கொழுந்து இரண்டு தரப்புக்கும் உழைத்தார். வெள்ளைக்காரன் காலம், தெற்கே ஒரு சின்ன ஊர். பகலில் முன்சீப் கோர்ட்டு, மாலையில் நகரசபை. அவர் ஆபீசில் ஒரு சட்டம் இருந்தது. எந்த வழக்கு வந்தாலும் ஜூனியர் முதலில் எதிராளியின் வாதத்தை எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு வக்கீல், "பேசாமல் அந்தப் பக்கம் போய்விடலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்கும்வரை சொந்தக் கட்சிக்காரருக்காக ஒரு வரிகூட எழுதக் கூடாது.

ஜூனியர் ஞானசிகாமணி குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து, பாடம் சொல்லி அலுத்து, ஐம்பது வயதில் சட்டம் படித்துத் தேறியவர். குரு சிஷ்யரை "வாத்தியாரே" என்பார். சிஷ்யர் குருவை "ஐயா" என்பார். ஊருக்கு இது குழப்பமாக இருந்தது. அவர்களுக்கு இல்லை.

ஒரு காலையில் வாத்தியார் வந்து, உட்காராமல் நின்றார்.

"ஐயா, நகரசபைத் தேர்தலில் உங்களை எதிர்த்து நிற்கப் போகிறேன்."

"தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை உட்காருங்கள்."

வாத்தியார் உட்கார்ந்தார்.

"செக்கடித் தெருவுக்குக் குழாய் வேண்டும். நீங்களோ ஒன்பது வருஷமாகச் சாக்கடை முதலில், குழாய் பிறகு என்கிறீர்கள். சபையில் ஆறு பேர் குழாய், ஆறு பேர் சாக்கடை. எங்கள் தெருவுக்கு இரண்டும் வரவில்லை. என் மனைவி ராகேல் முழங்கால் வலியோடு கிணற்றுக்கு நடக்கிறாள். தயவுசெய்து சொல்லுங்கள், உங்களைத் தோற்கடிப்பது எப்படி?"

வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"நம் ஆபீஸ் வழக்கப்படிதான். மேடையில் நான் பேசப்போவதை நீங்கள் எழுதுங்கள். நீங்கள் பேசப்போவதை நான் எழுதுகிறேன்."

வாத்தியார் எழுதிக் கொண்டுவந்தார். வக்கீல் படித்தார்.

"இதைப் படித்தால் எனக்கே என்மேல் வெறுப்பு வருகிறது. மறுபடி எழுதுங்கள்."

மறுபடி எழுதினார்.

"இப்போது பரிதாபம் வருகிறது. முன்னேற்றம்தான். மறுபடி."

மூன்றாவது முறை வாத்தியார் பேனாவை மூடிவிட்டு மீன்காரத் தெருவுக்குப் போனார். மூன்று வருஷத்துக்கு முன்பு கலெக்டர் உத்தரவில் குழாய் வந்த தெரு அது. சாக்கடை கிடையாது. குழாயடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மருத்துவச்சி சவேரியாள் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொழா வந்த வருசம் இந்தத் தெருவுல காச்சல் வராத வீடு நாலே நாலு. எண்ணிக் காட்டட்டா, வாத்தியாரையா?"

காட்டினாள். வாத்தியார் கூடவே நடந்து எண்ணினார். நாலுதான்.

அன்று எழுதியதைப் படித்துவிட்டு வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாத்தியாரே, பேசாமல் எனக்கே ஓட்டுப் போட்டுவிடுங்களேன்."

வாத்தியார் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ராகேலம்மாள் வெளியிலிருந்து கத்தினாள். "என்ன, இங்க வாங்க! உங்க வக்கீலையா கெணத்தடியில கொடத்தத் தூக்கிட்டு நிக்காவ!"

வாத்தியார் ஓடிப்போய்ப் பார்த்தார். கோட்டு, தலைப்பாகை, தோளில் தளும்பும் பித்தளைக் குடம். சுற்றிலும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"இடுப்புல வையுங்கய்யா, கோட்டெல்லாம் நனையுது!" என்றாள் ஒருத்தி.

"வைத்துப் பார்த்தேன், தாயே. இருக்க மாட்டேன் என்கிறது."

"ஐயா, என்ன இது?" என்றார் வாத்தியார்.

"குறுக்கே வராதீர்கள். உங்கள் பேச்சை எழுதிக்கொண்டிருக்கிறேன்."

கிணற்றிலிருந்து தெருக்கோடி வீடுவரை எழுநூற்று நாற்பது காலடி. வக்கீல் சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தார். இரண்டு இடத்தில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். போய்ச் சேர்ந்தபோது முக்கால் குடம் இருந்தது.

சந்தைத் திடலில் ஒரே மேடையில் இருவரும் பேசினார்கள். வக்கீல் காய்ச்சல் வராத நாலு வீட்டைப் பற்றிச் சொன்னார். திடல் அடங்கிப்போனது. வாத்தியார் எழுநூற்று நாற்பது காலடியைப் பற்றிச் சொன்னார். செக்கடித் தெரு எழுந்து நின்றது.

"ரெண்டு பேருக்கும் போட வழி உண்டுமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

தேர்தலன்று வாத்தியார் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"பென்சில் முனை ஒடிந்துவிட்டதா, சார்?" என்று அதிகாரி குரல் கொடுத்தார்.

"இல்லை, இல்லை" என்றார் வாத்தியார். அதன் பிறகும் சற்று நேரம் உள்ளேயே இருந்தார்.

சீட்டுகளை எண்ணினார்கள். வாத்தியாருக்கு நூற்றிருபத்தேழு. வக்கீலுக்கு நூற்றிருபத்தாறு.

முதல் மாலையைப் போட்டவர் வக்கீல். வாத்தியார் அவரைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயா, நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

வக்கீல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "வீட்டில் சொல்லிவிடாதீர்கள்."

"சிரிக்காதீர்கள். மீன்காரத் தெருவைப் பார்த்த பிறகு கை வேறு பக்கம் போகவில்லை. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?"

வக்கீல் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். கோட்டின் தோளில் தண்ணீர்க் கறை இன்னும் இருந்தது.

"ஏன், வாத்தியாரே? நான் எழுதிக் கொடுத்தது அவ்வளவு மோசமா?"

 

அந்த ஆனியில் செக்கடித் தெருவில் சாக்கடை வெட்டினார்கள். ஆடியில் குழாய் வந்தது. ராகேலம்மாள் முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஒன்பது காலடி நடந்தாள்.