கல்பாசியைத் தின்ற காற்று

மகாராஜா சிங்கமராயருக்கு நாட்டைவிடக் குருமாதான் முக்கியம் என்று சொன்னால் பாவம். ஆனால் ரெண்டும் ஏறக்குறைய சமம். அந்தக் குருமாவுக்குக் கல்பாசி வேண்டும். அதுவும் அவர் அப்பா மலையடிவாரத்தில் வைத்த பலாத்தோப்பின் கல்பாசியாகவே இருக்க வேண்டும். மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக ஒட்டியிருக்குமே, அதேதான்.

ஒருநாள் குருமாவில் வாசம் இல்லை. மகாராஜா தட்டைத் தள்ளிவிட்டார். விசாரித்தால், தோப்பில் ஒரு துளிக் கல்பாசி இல்லை என்றார்கள்.

தோட்டக்காரன் சடையனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"இவன்தான் சுரண்டிச் சந்தையில் விற்றுவிட்டான், மகாராஜா!" என்று முந்திக்கொண்டார் மல்லப்பன். இவர் குதிரை லாயத்துக்குத் தலைவர். போன வருஷம்தான் தோப்பை ஒட்டி ஐந்நூறு குதிரைக்குப் புது லாயம் கட்டியவர். கட்டினாரே தவிர, சாணியை அள்ளச் சொல்ல அவருக்கு நேரமில்லை.

"நான் தொடவே இல்லீங்க சாமி. லாயத்துக் காத்து பட்டுத்தான் செத்துப்போச்சு" என்று அழுதான் சடையன்.

"பொய்! அதே தோப்பில் வாழை தளதளவென்று நிற்கிறதே. புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறதே. அதெல்லாம் சாகவில்லையே?" என்றார் மல்லப்பன்.

மகாராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "பொழுது சாய்வதற்குள் இவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டுப் போகட்டும்!" என்றார். சடையனுக்கு வீட்டில் கைக்குழந்தை வேறு.

அப்போது ஒருவர் தொண்டையைக் கனைத்தார். யார், நம்ம ஆண்டாப்பிள்ளைதான். சபையில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.

"மகாராஜா, வாழையும் புல்லும் மண்ணில் சாப்பிடுகிற ஜாதி. சாணிச் சத்து கிடைத்தால் அதுகளுக்குக் கல்யாண விருந்து. கல்பாசிக்கு வேரே கிடையாது. சோறும் தண்ணியும் காற்றிலிருந்துதான். காற்று கெட்டால் அது என்ன செய்யும், பாவம்!"

"அப்படியானால் காற்றுதான் குற்றவாளியா?" என்று மீசையை முறுக்கினார் ராஜா. "சரி, அந்தக் காற்றைப் பிடித்து என் முன்னால் நிறுத்தும், பார்க்கலாம்!"

சபை கொல்லென்று சிரித்தது.

"அவ்வளவு தூரம் அது வராது, மகாராஜா. நீங்கள்தான் போய் அதன் முன்னால் நிற்க வேண்டும். இப்போதே போகலாம். ஒரே ஒரு வேண்டுகோள். சாம்பிராணிக்காரர்கள் இன்றைக்குப் பின்னால் வரட்டும்."

மகாராஜா எங்கே போனாலும் நாலு பேர் முன்னால் சாம்பிராணி போட்டுக்கொண்டு போவார்கள், ரெண்டு பேர் பன்னீர் தெளிப்பார்கள். அரண்மனை வழக்கம் அது. பிறந்ததிலிருந்து அந்த மூக்கு வேறு எதையும் மோந்ததில்லை. மல்லப்பன் முகம் வெளுத்தது. "இன்றைக்கு வெயில் அதிகம் மகாராஜா, நாளைக்குப் போகலாமே" என்று இழுத்துப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

தோப்புக்குள் நுழைந்து பத்தடி வைத்திருப்பார் மகாராஜா. லாயத்துப் பக்கமிருந்து ஒரு காற்று வீசியது. ஊறி நாறிய குதிரை மூத்திரத்தின் நெடி அது. இந்தக் காலத்தில் அதற்கு அமோனியா என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் "சீ!" என்பதுதான் பெயர். சுரீரென்று ஏறியது. மகாராஜாவுக்குக் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். தும்மல் மேல் தும்மல். கிரீடத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மூக்கை மறு கையில் பிடித்துக்கொண்டு எடுத்தார் பாருங்கள் ஓட்டம்! மந்திரிகள் அவரையும் முந்திவிட்டார்கள்.

தோப்பு வாசலில் வந்து நின்று மகாராஜா மூச்சு வாங்கினார். "யாரய்யா என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினது?"

"சடையன்தான், மகாராஜா" என்றார் ஆண்டாப்பிள்ளை கூசாமல்.

"என்ன உளறுகிறீர்! அவன் என்ன செய்வான்? அது லாயத்து நெடி!"

"அதெப்படி? தோப்பில் எது நடந்தாலும் சடையன்தான் என்று சற்றுமுன் தீர்ப்பாயிற்றே. உங்கள் கண்ணீரையும் அவன்தான் சுரண்டி எடுத்திருப்பான்."

மகாராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு மல்லப்பனைப் பார்த்தார். மல்லப்பன் தரையைப் பார்த்தார்.

"பத்தடிகூட என்னால் தாங்க முடியவில்லையே, ஆண்டாப்பிள்ளை. இதிலா கல்பாசி ஒரு வருஷம் இருந்தது?"

"ஓட அதற்கும் ஆசைதான், மகாராஜா. கால் இல்லையே!"

அப்புறம் மகாராஜா சிரித்தார் பாருங்கள், தும்மலும் சிரிப்புமாய் வயிறு குலுங்கியது. அங்கேயே உத்தரவு பிறந்தது. லாயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். சாணியைத் தினம் அள்ளி வயலில் போட்டு உடனே உழுதுவிட வேண்டும். முதல் மாதம் அள்ளுவது மல்லப்பன். தீர்ப்பு ரத்து. கல்பாசி மறுபடி வரப் பத்து வருஷமாவது ஆகும் என்றான் சடையன். "அதுவரை நீ எங்கேயும் போகக்கூடாது!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் ராஜா. சடையன் இந்தத் தடவை அழுதது வேறு அழுகை.

"ஆண்டாப்பிள்ளை, உமக்கு என் லாயத்திலேயே உசத்தியான குதிரையைப் பரிசாகத் தருகிறேன்!"

ஆண்டாப்பிள்ளை பதறிப்போய்க் கும்பிட்டார்.

"வேண்டாம் மகாராஜா! என் வீட்டு வாசலிலும் ஒரு பலாமரம் இருக்கிறது."