பனிக்குக் குரல் கொடுத்த முயல்

விலங்குகளும் மனிதரும் ஒரே மொழி பேசிய காலம் அது. ஜப்பானின் வடக்கு மலைச்சரிவில் மொஹெய் என்பவர் கரி சுட்டுப் பிழைத்து வந்தார். மனைவி இறந்துவிட்டாள். மகள் நுயிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

அவர் மகளுக்கு உலகத்தை ஒலியாகவே சொல்லிக்கொடுத்தார். மழை சடசடவென்று பெய்தது என்கிறோமே, அதுபோல. முதல் தூறல் 'பொத்சு பொத்சு', கொட்டும் மழை 'ஸா ஸா'. மழையில் காட்டுப் பாதை மறைந்துவிடும். நுயி வாசலில் தொங்கிய பலகையைத் தட்டுவாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அவர் வீடு வந்து சேர்வார். பனிக்காலத்தில் அவர் காட்டுக்குப் போவதில்லை.

அந்த வருடம் பனி முந்திக்கொண்டது. மொஹெய் காட்டில் கரிமூட்டத்தருகே இருந்தபோது கொட்டத் தொடங்கியது. வீட்டுக்குள் இருந்த நுயிக்கு எதுவும் கேட்கவில்லை. கூரையோரம் ஒதுங்கியிருந்த முயல் ஒன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்போது நுயி கதவைத் திறந்தாள். கால் முழங்கால்வரை புதைந்தது.

"எப்போதிலிருந்து பெய்கிறது?" என்று கேட்டாள்.

"மத்தியானத்திலிருந்து" என்றது முயல். "உங்களுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்."

அவள் கை தோல் உரியும்வரை பலகையைத் தட்டினாள். மறுநாள் அக்கம்பக்கத்தார் மொஹெயைக் கண்டெடுத்தார்கள். வீட்டைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில், வேறு திசை பார்த்து விழுந்து கிடந்தார்.

அடக்கம் முடிந்தபின் முயல் வந்தது. நுயி அதைத் திட்டவில்லை. பனிக்கு ஒரு சத்தம் இருந்திருந்தால் அப்பா வந்திருப்பார் என்று மட்டும் சொன்னாள்.

அந்நாளில் ஓர் உயிர் தன் குரலை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட முடியும். கொடுத்தால் திரும்ப வராது.

"என் குரலைப் பனிக்குக் கொடுக்கிறேன்" என்றது முயல்.

"உனக்கு வேண்டாமா?"

"பேச வேண்டிய நேரத்தில் பேசாத குரல்தானே, அம்மா."

பிறகு அது கடைசியாக ஒருமுறை வாய் திறந்தது. 'ஷின்' என்றது. சரியாகக் கேட்டோமா என்ற பயத்தில் நுயியும் 'ஷின்' என்றாள். அதற்குப்பின் பனி விழும்போதெல்லாம், அவளுக்குத் தெரியட்டும் என்று அக்கம்பக்கத்தார் அவள் வாசலில் நின்று அதை அப்படியே இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்டில் ஓசையே இல்லாமல் பனி பெய்வதை 'ஷின் ஷின்' என்று சொல்வது அன்றிலிருந்துதான்; முயல் பேசாமல் போனதும் அன்றிலிருந்துதான்.